ஒரே பெயரில் மூன்று துறைகள்: ஓர் ஆய்வாளர் பக்கத்தைத் திருத்திய நிகழ்வு

நான் நூலகராக இருக்கும் கலை அறிவியல் கல்லூரியில் நடந்தது இது. இதில் வருகிறவர்கள் எல்லோரும் இன்னும் பணியில் இருக்கிறார்கள். அதனால் பெயர், ஊர், கல்லூரி எதையும் சொல்லவில்லை. கட்டுரைகளின் தலைப்பையும் அப்படியே தரவில்லை. மற்றபடி நடந்ததை நடந்த வரிசையில் எழுதியிருக்கிறேன், என் பிழை உட்பட.

பின்னணி

அவர் எங்கள் உயிரித் தொழில்நுட்பத் துறையில் உதவிப் பேராசிரியர். நுண்ணுயிர்கள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு படலமாக வளர்வதுதான் (பயோஃபிலிம் என்பார்கள்) அவருடைய ஆய்வு. இணைப் பேராசிரியர் பதவி உயர்வுக்கு ஒரு ஜூன் மாதம் விண்ணப்பித்தார்.

எழுபதுகளின் கடைசியில் பிறந்த பெண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் தெருவுக்கு நான்கு பேருக்காவது வைத்த பெயர் அவருடையது. பள்ளியில் ஒரே வகுப்பில் மூன்று பேர் இருந்தார்களாம். ஆசிரியை இனிஷியலைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார். கல்யாணத்துக்கு முன் அவர் ஆர். அப்பா பெயரின் முதல் எழுத்து. கல்யாணத்துக்குப் பின் எஸ். கணவர் பெயரின் முதல் எழுத்து. முனைவர் பட்டச் சான்றிதழில் ஆர், சம்பளச் சீட்டில் எஸ்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, அறிவியல் துறையில் ஏற்கத்தக்க இதழில் வந்த ஒரு கட்டுரைக்கு 8 புள்ளி. இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து எழுதியிருந்தால் முதல் ஆசிரியருக்கும் தொடர்பு ஆசிரியருக்கும் (இதழோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்பவர்) 70 சதவீதம், மற்றவர்களுக்குத் தலா 30 சதவீதம். விண்ணப்பத்தில் காட்டும் பட்டியலுக்குத்தான் புள்ளி. ஒருவர் எழுதிய கட்டுரைகளைப் பட்டியலிட்டு இணையத்தில் உள்ள ஆய்வாளர் பக்கத்துக்குப் புள்ளி கிடையாது. ஆனால் கோப்பைப் பார்க்கிறவர் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

கவனத்துக்கு வந்தது

விண்ணப்பத்தில் அவர் காட்டிய கட்டுரைகள் 28. அதோடு இணைத்திருந்த இலவச ஆய்வாளர் பக்கத்தில் 87 இருந்தன. எச்-இன்டெக்ஸ் 19. (ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த அளவு இது. குறைந்தது 19 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 19 இருந்தால் இன்டெக்ஸ் 19.)

உள் தர மதிப்பீட்டுக் குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்திருக்கிறார். பாக்டீரியா, பூஞ்சை என்று வந்துகொண்டிருந்த பட்டியலில் திடீரென்று முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடுவது பற்றி ஒரு கட்டுரை. அடுத்து, தெளிவில்லாத பேச்சைக் கணினி அடையாளம் காண்பது பற்றி ஒன்று. என்னைக் கூப்பிட்டு, "சார், இந்த அம்மா காலையில ஆபரேஷன் தியேட்டர், மத்தியானம் லேப், சாயங்காலம் கம்ப்யூட்டரா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாலும் உள்ளே சந்தேகம் இருந்தது. கோப்பை நிறுத்தி வைத்தார்கள்.

அந்தப் பக்கம் எப்படி உருவானது என்று பார்த்தேன். ஆறு வருடத்துக்கு முன் கல்லூரியில் நடந்த ஒரு நாள் பயிலரங்கில், எல்லோரும் உட்கார்ந்து ஒரே நேரத்தில் தொடங்கியது. பெயரைப் போட்டதும் அந்தப் பெயரில் உள்ள கட்டுரைகளைக் கட்டுக்கட்டாகக் காட்டும். எல்லாவற்றையும் தேர்வு செய்து அடுத்ததை அழுத்து என்று பயிற்சியில் சொன்னோம். இனி வருவதைத் தானாகச் சேர்த்துக்கொள் என்ற வசதியையும் போடச் சொன்னோம். 'சொன்னோம்' என்கிறேன்; பயிலரங்கை நடத்தியவர்களில் நானும் ஒருவன். அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் அறுபது பேருக்குப் பக்கம் தொடங்கிக் கொடுத்தது பெரிய சாதனையாகத் தெரிந்தது.

முதல் சுற்று: நிறம் பிரித்தது

87 பதிவுகளையும் அச்செடுத்து நூலக மேசையில் பரப்பினேன். பயிற்சிக்கு வந்திருந்த நூலக மாணவியிடம் மூன்று ஹைலைட்டர் கொடுத்து, "தலைப்பைப் படி. பயோடெக் பச்சை, மருத்துவம் சிவப்பு, பேச்சுத் தொழில்நுட்பம் நீலம்" என்றேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பச்சையை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்கிவிடலாம், ஒரே நாள் வேலை என்று உதவிப் பேராசிரியருக்குச் செய்தியும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அவர் வந்து தாள்களைப் புரட்டினார். ஒரு நீல வரியில் விரலை வைத்தார்.

"சார், இது என்னோடது."

"குரல் தரம், ஒலியலை அளவீடுன்னு இருக்கே மேடம்? இது கம்ப்யூட்டர்காரங்க வேலை இல்லையா?"

"அந்த வால்வெல்லாம் எங்க லேப்லதான் ஒரு வருஷம் கிடந்துச்சு."

அந்த ஒரு கட்டுரை

குரல்வளைப் புற்றுநோய் முற்றினால் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு நோயாளி கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான் மூச்சு விடுவார், பேச்சு போய்விடும். அப்படிப்பட்டவர்களுக்கு மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் சிறிய துளையிட்டு, சிலிக்கோனால் ஆன ஒருவழி வால்வைப் பொருத்தும் முறையை 1980-இல் சிங்கர், புளோம் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்டார்கள். நோயாளி கழுத்துத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு மூச்சை வெளியே விட்டால், காற்று வால்வு வழியாக உணவுக்குழாய்க்குள் போய் அங்குள்ள தசையை அதிரவைக்கும். கரகரப்பாக இருந்தாலும் அது குரல்.

வால்வு இருப்பது உணவுப் பாதையில். வாயில் இயல்பாகவே இருக்கும் கேண்டிடா பூஞ்சையும் பாக்டீரியாவும் சிலிக்கோனில் படலமாகப் படியும். நாள் போகப் போக மூடி சரியாக மூடாது. குடிக்கிற தண்ணீர் மூச்சுக்குழாயில் கசியும், இருமல் வரும். அதனால் பலருக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை வால்வை மாற்ற வேண்டியிருக்கும்.

கழற்றிய ஒரு வால்வின் படத்தை அவர் கைப்பேசியில் காட்டினார். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. பாலாடை காய்ந்து ஒட்டிக்கொண்ட மாதிரி வெள்ளையாக, சொரசொரப்பாக இருந்தது. அந்தப் படலத்தைச் சுரண்டி எடுத்து வளர்த்தது, 96 குழித் தட்டில் மறுபடி படலமாக வளரவிட்டு ஊதாச் சாயம் ஏற்றி எவ்வளவு படிகிறது என்று அளந்தது, எல்லாம் அவர் வேலை. வால்வைக் கழற்றிக் கொடுத்தவர் ஒரு மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர். வால்வு மாற்றுவதற்கு முன்னும் பின்னும் குரலைப் பதிவு செய்து, சுருதி எவ்வளவு நடுங்குகிறது, ஒரே மூச்சில் எத்தனை வினாடி 'ஆ' சொல்ல முடிகிறது என்று கணக்கெடுத்தவர் ஒரு பொறியியல் கல்லூரி ஆசிரியர்.

உயிரித் தொழில்நுட்பம், மருத்துவம், பேச்சுத் தொழில்நுட்பம் மூன்றும் அந்த ஒரு கட்டுரையில் உண்மையாகவே இருந்தன. என் நிறப் பிரிப்பில் முதலில் போயிருக்கக்கூடியதும் அதுதான்.

மூன்று பேர் ஏன் ஒருவராகத் தெரிந்தார்கள் என்பதற்கான விடையும் அதிலேயே இருந்தது. அந்த அறுவை மருத்துவர், தன் கல்லூரியின் மயக்கவியல் மருத்துவர் ஒருவரோடும் கட்டுரை எழுதியிருக்கிறார். அந்த மயக்கவியல் மருத்துவருக்கும் இதே பெயர், இதே எஸ். பொறியியல் ஆசிரியரின் துறையில் பேச்சறிதலில் வேலை செய்யும் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் இதே பெயர், இதே எஸ். ஆசிரியர்களைப் பிரித்தறியும் கணினி முறைகள் பெயர், நிறுவனம், உடன் எழுதியவர் ஆகியவற்றைத்தான் பெரிதும் நம்புகின்றன. ஒரே பெயர், இருவருக்கும் பொதுவான கூட்டாளி என்றால் ஒரே ஆள்தான் என்று முடிவு கட்டுவது இயல்பு. பழியை முழுக்க இயந்திரத்தின் மேல் போட எனக்கு மனமில்லை. அறுவை மருத்துவரிடமே தொலைபேசியில் பெயரைச் சொன்னபோது, "எந்த எஸ்?" என்றுதான் அவரும் கேட்டார்.

இரண்டாம் சுற்று

ஹைலைட்டர்களை எடுத்து வைத்தேன். இந்த முறை தலைப்பைப் பார்ப்பதே இல்லை என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு கட்டுரையின் முதல் பக்கத்தையும் திறந்து நான்கு விஷயங்களைக் குறித்தோம்: ஆசிரியரின் நிறுவன முகவரி, மின்னஞ்சல், உடன் எழுதியவர்கள், கடைசியில் வரும் நன்றியுரை. இவற்றில் குறைந்தது இரண்டு அவரோடு பொருந்தினால்தான் அவருடையது. உடன் எழுதியவர் பொருந்துவதை மட்டும் தனியாக ஏற்பதில்லை. குழப்பம் தொடங்கியதே அங்கேதான்.

பதினொரு மதியங்கள் ஆயின. பல கட்டுரைகளுக்குச் சுருக்கம் மட்டுமே இலவசம். முதல் பக்கத்துக்காக வேறு நூலகங்களில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

தலைப்பு எவ்வளவு ஏமாற்றும் என்பது எதிர்ப் பக்கத்திலும் தெரிந்தது. செயற்கைச் சுவாசக் குழாயின் உட்புறத்தில் பாக்டீரியா படலம் படிவதைப் பற்றி ஒரு கட்டுரை. மாணவி பச்சை அடித்திருந்தார், நானும் சரி என்றிருந்தேன். உதவிப் பேராசிரியரே கொஞ்சம் தயங்கினார். "தலைப்பைப் பார்த்தா நான் எழுதின மாதிரிதான் சார் இருக்கு" என்றார். முகவரி மருத்துவக் கல்லூரி. மின்னஞ்சல் மயக்கவியல் மருத்துவருடையது.

முடிவில் கணக்கு இப்படி வந்தது. 87-இல் அவருடையவை 24. மயக்கவியல் மருத்துவருடையவை 31. பேச்சறிதல் ஆய்வாளருடையவை 19. ஒரே கட்டுரை இரண்டு முறை வந்தது, கருத்தரங்க நிகழ்ச்சி நிரலையே கட்டுரை என்று எடுத்துக்கொண்டது என்று 9 வெற்றுப் பதிவுகள். யாருடையது என்று சொல்ல முடியாதவை 4.

இனிஷியல்

அவர் விண்ணப்பத்தில் காட்டியது 28, பக்கத்தில் இருந்தது 24. ஊரார் கட்டுரையெல்லாம் வந்து சேர்ந்த இடத்தில் அவருடையதே சில இல்லை. தேடியதில் 6 கிடைத்தன. நான்கு, கல்யாணத்துக்கு முந்தைய ஆர் இனிஷியலில் இருந்தன. மற்ற இரண்டில் அவர் பெயர் இருந்த இடத்தில் கணவர் பெயர் இருந்தது.

கட்டுரை அனுப்பும் படிவங்கள் குடும்பப் பெயர் ஒன்றைக் கேட்கும். நமக்கு அது இல்லை. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் படிவம் நகராது. ஒரு முறை அவர் அதில் தன் பெயரையே போட்டார், ஒரு முறை வெறும் எஸ், இரண்டு முறை பாஸ்போர்ட்டில் உள்ளபடி கணவர் பெயர். அந்த இரண்டையும் மேற்கோள் காட்டியவர்கள் எல்லோரும் கணவர் பெயரைப் போட்டு, இவர் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். வேலை செய்தது மனைவி, மேற்கோள் கணவருக்கு. அவர் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளர்.

தமிழில் இனிஷியல் போட்டால் இவ்வளவு குழப்பம் வராது என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. ச., சா., சி., சு., செ., சோ., ஷ., ஸ்ரீ. என்று தமிழில் எழுத்துக்கு எழுத்து வேறு. ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே எஸ். இந்த மூவரையே கேட்டுப் பார்த்தபோது ஒருவர் சு., ஒருவர் செ., ஒருவர் ஷ. அமெரிக்க இயற்பியல் கழகத்தின் இதழ்கள் சீன, ஜப்பானிய, கொரிய ஆசிரியர்கள் தங்கள் பெயரைச் சொந்த எழுத்திலும் பக்கத்தில் போட்டுக்கொள்ள விடுகின்றன. தமிழுக்கு அப்படி ஒரு வழி வந்தால் இனிஷியலையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். சரி, அது என் ஆசை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில், பக்கத்தை நீக்கவில்லை. பொதுப் பார்வையிலிருந்து மறைத்தோம், தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்தினோம். குழு கேள்வி எழுப்பிய பிறகு பக்கமே காணாமல் போனால் எதையோ மறைப்பது போல ஆகிவிடும். 87 பதிவுகளும் இருந்த நிலையை அப்படியே சேமித்துக் குழுவிடம் ஒரு பிரதி கொடுத்தோம்.

திருத்தவே வேண்டாம் என்றும் ஒரு யோசனை வந்தது. துறையில் ஒருவர், "இருந்துட்டுப் போகட்டுமே, யாருக்கு நஷ்டம்?" என்றார். உதவிப் பேராசிரியரும் இரண்டு நாள் யோசித்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எச்-இன்டெக்ஸ் 19 என்பது எங்கள் கல்லூரியில் யாரிடமும் இல்லாத எண். இலவசப் பக்கத்தைப் பொறுத்தவரை நஷ்டம் குறைவுதான். ஒரே கட்டுரை இரண்டு பேர் பக்கத்தில் இருக்கலாம், யாரும் தடுப்பதில்லை. ஆனால் கட்டணத் தரவுத்தளத்திலும் (பணம் கட்டிப் பயன்படுத்தும் ஆய்வுக் கட்டுரைப் பட்டியல்) இதே கலப்பு இருந்தது. அங்கே ஒரு கட்டுரையில் உள்ள ஒரு பெயர் ஓர் அடையாள எண்ணின் கீழ் மட்டும்தான் இருக்கும். அதாவது அந்த மருத்துவர் தன் பெயரைத் தேடினால் தன் கட்டுரைகள் இவர் கணக்கில் இருக்கும். அதைக் கேட்டதும் எங்கள் உதவிப் பேராசிரியர் திருத்தலாம் என்றார்.

அதனால் கட்டணத் தரவுத்தளத்துக்கு இரண்டு கோரிக்கை அனுப்பினோம்: எஸ் கணக்கைப் பிரிக்க ஒன்று, ஆர் கணக்கை அதோடு சேர்க்க ஒன்று. வரிசை முக்கியம். சேர்ப்பதை முதலில் செய்திருந்தால் குப்பையோடு குப்பை சேர்ந்திருக்கும்.

அடுத்து ஆர்கிட் எண். 2012-இல் தொடங்கிய இலவச ஏற்பாடு இது. ஆய்வாளருக்கு 16 இலக்க எண் ஒன்று, பெயர் மாறினாலும் எண் மாறாது. அவரிடம் இரண்டு இருந்தன! பழைய கல்லூரியில் வேலை பார்த்தபோது ஒன்று எடுத்து, மறந்து, இங்கே வந்து இன்னொன்று எடுத்திருக்கிறார். பழைய மின்னஞ்சல் செயலிழந்துவிட்டதால் உதவிப் பிரிவுக்கு எழுதித்தான் ஒன்றாக்க முடிந்தது.

மற்ற இருவருக்கும் எழுதுவதா என்பதில் கொஞ்சம் விவாதம் நடந்தது. தேவையில்லாத வம்பு என்று முதல்வர் நினைத்தார். கட்டுரைகளில் அச்சாகியிருந்த மின்னஞ்சலுக்கே, உதவிப் பேராசிரியர் கையொப்பத்தோடு, பட்டியலை இணைத்து அனுப்பினோம்.

குழு கேட்ட ஒன்று எனக்கு அதிகப்படியாகத் தோன்றியது. ஆரும் எஸ்ஸும் ஒருவரே என்று 20 ரூபாய் பத்திரத்தில் நோட்டரி உறுதிமொழி வேண்டும் என்றார்கள். சம்பளப் பதிவேட்டில் இரண்டு பெயரும் இருக்கின்றன, திருமணச் சான்றும் இருக்கிறது. இருந்தாலும் வாங்கிக் கொடுத்தார். அவருடைய கணவரிடம் யாரும் எந்தப் பத்திரமும் கேட்கவில்லை.

விளைவு

கட்டணத் தரவுத்தளம் சில வாரங்களில் கணக்குகளைப் பிரித்தது. இரண்டு கட்டுரைகள் மறுபடி தவறான கணக்குக்குப் போயின. இன்னொரு முறை எழுதிச் சரிசெய்தோம். சந்தேகமாக இருந்த நான்கில் இரண்டு, கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றில் இருக்கும் நான்காவது எஸ் ஒருவருடையவை. ஒன்று எங்கள் உதவிப் பேராசிரியருடையதுதான்; பழைய மாணவர் ஒருவர் பிரதி வைத்திருந்தார். ஒன்று முடிவாகவில்லை.

பக்கத்தை மறுபடி திறந்தபோது 31 கட்டுரைகள், எச்-இன்டெக்ஸ் 11. அன்று அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

மருத்துவரிடமிருந்து ஒரே வரியில் நன்றி வந்தது. பேச்சறிதல் ஆய்வாளர் நீளமாக எழுதினார். அவருடைய பக்கத்தில் பூஞ்சை பற்றி மூன்று கட்டுரைகள் இருந்தனவாம். யாரோ தன் பக்கத்தை ஹேக் செய்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தாராம்.

கோப்பு நான்கு மாதம் தாமதமாக மேலே போனது. நேர்காணலில் ஒரு வெளி உறுப்பினர் அந்த வால்வுக் கட்டுரையைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டாராம். புள்ளிக் கணக்கில் அதில் அவருக்குக் கிடைத்தது 30 சதவீதப் பங்கு மட்டும். ஆசிரியர் வரிசையில் மூன்றாவது பெயர். பதவி உயர்வு கிடைத்தது. தகுதி பெற்ற நாளிலிருந்தே கணக்கிட்டதால் பண இழப்பு இல்லை.

இப்போது மாற்றிக்கொண்டவை

பயிலரங்கில் இப்போது பக்கம் தொடங்கிக் கொடுப்பதில்லை. முதலில் ஆர்கிட் எண். பிறகு ஆங்கிலத்தில் தன் பெயரின் ஒரே வடிவத்தை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட வேண்டியது உட்பட. கல்யாணம் ஆகாத ஆராய்ச்சி மாணவிகளிடம், முதல் கட்டுரையில் போட்ட இனிஷியலையே கடைசிவரை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறேன். வீட்டில் என்ன சொல்வார்களோ என்று சிலர் சிரிக்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தானாகச் சேர்க்கும் வசதியை எல்லோரும் நிறுத்தி வைக்கிறார்கள். இது உங்களுடையதா என்று மின்னஞ்சலில் கேட்டால், கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஆமாம் போடுவது.

மறுபடி இந்த வேலை வந்தால், மாணவியிடம் ஹைலைட்டர் கொடுப்பதற்கு முன் சம்பந்தப்பட்டவரை மேசைக்கு வரச் சொல்வேன். அவர் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் முதல் சுற்றே தேவைப்பட்டிருக்காது.

முடிவாகாத அந்தப் பதிவு பட்டியலில் 58-ஆவது. 2009-இல் நடந்த ஒரு கருத்தரங்கின் சுருக்கம்; பெயரும் எஸ்ஸும் மட்டும் இருக்கிறது, முகவரி இல்லை, உடன் எழுதியவர் இல்லை. தொகுப்பு நூல் எந்த நூலகத்திலும் கிடைக்கவில்லை. அவரிடம் கேட்டேன். "அந்த வருஷம் ஒரு போஸ்டர் போட்டேன் சார். இந்த ஊரான்னு ஞாபகம் இல்ல" என்றார். சேர்க்கவில்லை.